உப்புத் தின்ற கார்

சென்றதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை. வெளியே மைனஸ் 14 டிகிரி. வீட்டு வாசலில் காரைப் பின்னுக்கு எடுத்து ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்பக்க இடது மூலையிலிருந்து 'டங்' என்று ஒரே ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். எதுவும் விழவில்லை, எதுவும் தொங்கவில்லை. சக்கர வளைவில் ஒட்டியிருந்த பனிக்கட்டி உடைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கையுறையைக் கழற்ற மனமில்லாதவனுக்கு எந்தச் சமாதானமும் போதும்.

நான்கு நாள் கழித்துத்தான் டார்ச்சோடு குனிந்தேன். சாலையின் அடியை வாங்கும் சஸ்பென்ஷனின் முன் இடது ஸ்பிரிங்கில், கடைசிச் சுற்று முறிந்து, விரல் நீளத் துண்டு ஒன்று ஸ்பிரிங் அமரும் அடிக்கிண்ணத்தில் கிடந்தது. மிச்ச ஸ்பிரிங் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்தால் வலப்பக்கத்தைவிட 18 மில்லிமீட்டர் குறைவு. முறிந்த கூர்முனைக்கும் டயரின் பக்கச் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அந்த நான்கு நாளும் நான் நெடுஞ்சாலையில் ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முறிந்த முகத்தில் இரண்டு நிறம். ஓரத்தில் பிறைநிலா அளவுக்குக் கரும்பழுப்புத் துரு. மீதிப் பரப்பு முழுக்கப் புதிதாக வெட்டிய இரும்பின் சாம்பல் பளபளப்பு. பழுப்புப் பகுதி பல வாரங்களுக்கு முன்பே விரிசல் விட்டு, ஈரம் புகுந்து துருவேறிய இடம். பளபளப்பு, அன்று காலை விட்டுப்போன பகுதி. குழியில் விழுந்து முறியவில்லை, கல்லில் மோதி முறியவில்லை. வாசலில் நடை வேகத்தில் திரும்பும்போது முறிந்தது. குளிர்காலச் சாலை என்றவுடன் எல்லோரும் குழியைத்தான் பழிக்கிறோம், நானும் அப்படித்தான் பழித்துக்கொண்டிருந்தேன். குழி கொடுப்பது கடைசி அடி. அதற்கு முன்னால் மாதக்கணக்கில் வேலை செய்வது, பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு கலந்த சேறு தங்கும் சின்னச் சின்ன இடுக்குகள்.

ஸ்பிரிங்கை நான் மாற்றவில்லை. முன்பக்கத்தில் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுதியாக இருக்கும் அமைப்பு. அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கைக் கவ்வியில் பிடித்து வைத்துக்கொண்டு மேல் நட்டைக் கழற்ற வேண்டும். கவ்வி வழுக்கினால் ஸ்பிரிங் எகிறி ஆளையே கொல்லும். தரமான அமுக்கியும் அதில் பழகிய கையும் இல்லாதவர்கள் அந்த மேல் நட்டைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. பட்டறையில் கொடுத்து, இடது வலது இரண்டையும் ஜோடியாக மாற்றினேன். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று விட்டால் உயரமும் விறைப்பும் வேறுவேறாகி கார் ஒரு பக்கம் சாயும். கூடவே மேல்மூட்டு ரப்பர், ஸ்பிரிங் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை மூன்றும் புதிதாகப் போட்டார்கள். "மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது சார்" என்றார் பட்டறைக்காரர். அந்த வாக்கியத்தை நம்பியது என் தவறு. அது பின்னால் வருகிறது.

அந்த வருடம் இலையுதிர்காலத்தின் கடைசி மூன்று வாரங்களை, சனி ஞாயிறுகளில், காரின் அடியில் கழிப்பது என்று முடிவு செய்தேன். கார் பதினொரு வயது ஹேட்ச்பேக். முன்சக்கர இயக்கம், பின்னால் முறுக்கு பீம், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாலையில் தூவும் சாதாரண உப்பு, கரைசலில் 23 சதவீதம் இருக்கும்போது மைனஸ் 21 டிகிரிவரை உறையாது. ஏட்டில் அப்படி. நடைமுறையில் மைனஸ் பத்தை நெருங்கினாலே அது பனியை உருக்கும் வேகம் படுத்துவிடும். அதற்குக் கீழே போகும் ஊர்களில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கலக்கிறார்கள். இவை காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும் குணமுள்ளவை. சாலை காய்ந்த பிறகும் காரின் அடிப்பகுதி காயாது. இரும்புக்கு ஈரம், ஆக்சிஜன், மின்சாரம் கடத்தும் உப்பு மூன்றும் ஒரே தட்டில் பரிமாறப்படுகின்றன. இன்னொரு விஷயம்: துரு ஏறும் வேகம் வெப்பம் கூடக் கூடக் கூடும். உப்புப்பனியோடு வந்த காரை இதமான கராஜில் நிறுத்தினால் பனி உருகி, இரவெல்லாம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறும். கராஜ் இல்லாதவர்கள் பொறாமைப்பட ஒன்றுமில்லை.

முதல் வாரம் கழுவலும் பார்வையும் மட்டும். அடிப்பகுதி முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி, இரண்டு நாள் காயவிட்டு, பிறகு தூக்கினேன். தரை சமமாக இருக்க வேண்டும், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் தலையை நீட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. தொடங்கும் முன்பே நான்கு மூலைகளிலும் சக்கர நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து, சாக்பீஸால் உள்பக்கம் எழுதி வைத்தேன். முன்னால் இரண்டும் 362 மில்லிமீட்டர். இந்த எண் பிறகு என்னைக் காப்பாற்றியது.

ஸ்பிரிங்கின் அடிக்கிண்ணத்தில்தான் முதலில் விரலை விட்டேன். அது ஒரு தட்டு மாதிரி இருக்கும். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று அதில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் வடிய, பென்சில் தடிமனில் ஒரு துளை உண்டு. வெளியே எல்லாம் எலும்பாகக் காய்ந்திருந்தது. கிண்ணத்துக்குள் விட்ட விரல் சில்லென்ற சேற்றில் புதைந்தது. துளையைக் களிமண்ணும் மணலும் அழுகிய இலைக்காம்பும் சேர்ந்து அடைத்திருந்தன. புது ஸ்பிரிங் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கதி. பழைய ஸ்பிரிங் எத்தனை வருடம் இந்தச் சகதியில் நின்றிருக்கும்! தெறிக்கும் சரளைக்கல் ஸ்பிரிங்கின் மேற்பூச்சை எங்கோ ஒரு புள்ளியில் பெயர்க்கிறது, அந்தப் புள்ளியில் சேறு உட்கார்கிறது, துரு ஊசிமுனைக் குழி போடுகிறது. ஸ்பிரிங் எஃகு கடினமானது. சுருள் அமுங்குகிற ஒவ்வொரு முறையும் கம்பி முறுக்கப்படுகிறது. அந்த ஊசிக்குழியின் அடியில் விசை குவிந்து விரிசல் தொடங்குகிறது. ஒரு சைக்கிள் ஸ்போக்கை நிமிர்த்தி நுழைத்துக் குடைந்தேன். அடைப்பு பிதுங்கி விழுந்து, பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் ஒரு தேக்கரண்டி வடிந்தது. மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது இந்த ஐந்து நிமிடம்தான் என்று இப்போதும் சொல்வேன்.

அடுத்தது மூட்டுகள். தூக்கிய சக்கரத்தைக் கடிகாரத்தின் 12, 6 நிலைகளில் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் சக்கரத்தைக் காரோடு பிணைக்கும் லோயர் ஆர்மின் முனையிலுள்ள பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டோ, சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். எது என்று பிரித்தறிய ஒரு எளிய வழி, யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்வது. மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றவாளி பேரிங். தொடர்ந்தால் பால் ஜாயிண்ட். 9, 3 நிலைகளில் ஆட்டம் என்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையைப் பார்க்க வேண்டும். மகளை உட்கார வைத்து மிதிக்கச் சொன்னேன்.

"அப்பா, எவ்வளவு நேரம் மிதிக்க வேண்டும்?"

"நான் சொல்லும்வரை."

"நீங்கள் சொல்ல மறந்துவிடுவீர்கள்."

மறந்துதான் போனேன். காரணம், இடது லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட். பிரேக் மிதித்திருந்தும் லேசாக ஒரு 'டொக்'. டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் ரப்பர் உறை பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருநிறக் கஞ்சி. 'மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது' என்பது இதுதான். உறை கிழிந்த பால் ஜாயிண்டுக்கு மருந்து கிடையாது. புது உறை போட்டுக் கிரீஸ் திணிக்கலாம். ஆனால் உள்ளே மணல் ஏற்கனவே அரைத்து முடித்திருக்கும். என் காரில் அந்த மூட்டு ஆர்மோடு ரிவெட் அடித்து வருகிறது. ஆர்மை முழுதாக, அது காரோடு சேரும் இடத்திலுள்ள இரண்டு ரப்பர் புஷ்களோடு வாங்குவது என்று முடிவாயிற்று.

இரண்டாம் வாரம் முழுவதும் ஒரு போல்ட்டோடு போனது.

பால் ஜாயிண்டின் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் கீழ்க்காதுக்குள் நுழைந்திருக்கும். அந்தக் காதைக் கவ்விப் பிடிக்க ஒரு குறுக்கு போல்ட். தண்டிலுள்ள பள்ளத்தின் வழியே அது செல்வதால் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். பதினொரு குளிர்காலம் பார்த்த போல்ட் அது. நட்டு கழன்றது. போல்ட் அசையவில்லை. வெள்ளி இரவு, சனி காலை, சனி மாலை என்று மூன்று வேளை, மருந்து கொடுப்பதுபோல ஊடுருவும் எண்ணெய் அடித்தேன். கேஸ் டார்ச் நெருப்பில் சூடாக்கினால் சீக்கிரம் விட்டுக்கொடுத்திருக்கும். ஆனால் அரை அடியில் பிரேக் ஹோஸும் ஆக்சிலின் ரப்பர் உறையும் இருந்தன. எண்ணெய் வேறு அடித்திருக்கிறேன். நெருப்பு வேண்டாம் என்று விட்டேன். போல்ட்டின் தலையை வெளியே இழுக்கப் பார்க்காமல், முதலில் ஸ்பேனரால் சுழற்ற மட்டும் முயன்றேன். ஞாயிறு மதியம் ஒரு கீச்சொலியோடு இம்மி அளவு திரும்பியது. முன்னும் பின்னுமாக, கால் சுற்று, அரைச் சுற்று, நடுநடுவே எண்ணெய். காய்ந்த மிளகாய் விதைபோலச் சிவந்த துரு உதிர்ந்துகொண்டே இருந்தது. வெளியே வந்தபோது போல்ட்டின் நடுப்பகுதி, எலி கடித்த கரும்புபோல மெலிந்திருந்தது. சுத்தியலால் ஓங்கி அடித்துத் தொடங்கியிருந்தால் அந்த இடத்தில் உள்ளேயே முறிந்திருக்கும்.

காதின் பிளவில் உளியை லேசாகத் தட்டி, தண்டு நழுவும் அளவுக்கு மட்டும் விரித்தேன். இங்கே ஆவேசம் கூடாது. காது விரிசல் கண்டால் நக்கிளையே மாற்ற வேண்டும். பிறகு நெம்புகோலை ஆர்மின் மேல் வைத்துக் கீழே அழுத்தியதும் தண்டு இறங்கிவிட்டது. ஆர்மைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமிலிருந்த இரண்டு போல்ட்டுகளும் நல்ல பிள்ளைகளாகக் கழன்றன.

புது ஆர்மைப் பொருத்துவதற்கு அரை மணி நேரம்தான் ஆயிற்று. போல்ட் நட்டெல்லாம் புதியவை. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, பட்டறைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு எல்லாவற்றையும் இறுக்கி, கை கழுவி, உள்ளே போய்ப் படுத்தும் விட்டேன். நடு இரவில் விழிப்பு வந்தது. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டுகளை இறுக்கியிருக்கிறேன்!

இது ஏன் தவறு என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் வேலை செய்கிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் செய்வது இதைத்தான் என்பது என் சந்தேகம். புஷ் என்பது வெளி உருளைக்கும் உள் உருளைக்கும் நடுவே ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் உருளை காரோடு பிணைந்துவிடும். வெளி உருளை ஆர்மோடு ஆடும். நடுவிலுள்ள ரப்பர் வழுக்குவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கிய கணத்திலிருந்து ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். ஈரத்துணியைப் பிழிந்த பிடியிலேயே ஆணியில் மாட்டி வைத்ததுபோல. குளிரில் ரப்பர் ஏற்கனவே விறைத்திருக்கும். அதோடு இந்த முறுக்கும் சேர்ந்தால் புதிய புஷ் இரண்டு குளிர்காலத்தைக்கூடத் தாண்டாது.

மறுநாள் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, கைப்பிடிக்குச் சற்று மேலான இறுக்கத்தில் விட்டு, சக்கரத்தைப் போட்டு, காரை அங்குலம் அங்குலமாகச் சாய்வு மேடைகளின் மேல் ஏற்றினேன். கட்டைகள் வைத்து, நான்கு மூலையிலும் காரைக் கையால் அமுக்கி விட்டு, நாடாவை எடுத்து அளந்தேன். 362. இப்போது கார் தன் சொந்த எடையில், தன் சொந்த உயரத்தில் நிற்கிறது. அடியில் நகர்ந்து சென்று இறுக்கினேன். ஆர்ம் மாற்றினால் சக்கரக் கோணம் மாறும் என்பதால் அந்த வாரமே அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று.

திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாகப் போகும்போது சிறிய மேடு பள்ளங்களில் 'கட கட' என்று கேட்டால், ஷாக் அப்சார்பரைக் குற்றம் சொல்லும் முன் இவற்றைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். விலையும் குறைவு, வேலையும் குறைவு. இரண்டு பக்கமும் சக்கரங்கள் ஒரே மாதிரி தொங்கும்படி வைத்தால் பார் முறுக்கின்றி இருக்கும், ராடு கையாலேயே நுழையும். ஒரு பக்கம் மட்டும் தூக்கிவிட்டு அதோடு மல்யுத்தம் செய்யக் கூடாது. நட்டு துருவில் இறுகி, தண்டின் நடுவிலுள்ள அறுகோணக் குழி மொழுக்கையானால் தயங்காமல் அறுத்துவிடுங்கள். புதிய ராடில் நட்டு கூடவே வருகிறது.

மூன்றாம் வாரம் பூச்சு வேலை. இங்கே ஒரு பழைய பாவத்தைச் சொல்ல வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன், பின் பீமுக்கும் அடித்தட்டுக்கும் தார் போன்ற கறுப்புப் பூச்சைக் கனமாக அடித்து, இனி கவலையில்லை என்று இருந்தேன். இப்போது அதன் ஓரத்தைத் திருப்புளியால் கிளறினால், வெந்த தோல்போலப் பட்டை பட்டையாக உரிந்து வருகிறது. அடியில் ஈரத் துரு. நன்றாகக் காயாத, லேசாகத் துருவேறிய இரும்பின் மேல் இறுகும் பூச்சை அடித்தால் அது கூரையாகாது, மூடியாகிவிடும். உலர்ந்ததும் கடினமாகிறது, கல் பட்டு ஒரு மயிர் விரிசல் விடுகிறது, அதன் வழியே உப்பு நீர் உள்ளே போகிறது, திரும்பி வர வழி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கன்னங்கரேலென்று அழகாக இருக்கும். அந்த அழகுதான் ஆபத்து.

கிளறி எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, எட்டாத இடங்களில் உப்புத்தாள் பிடித்தேன். உப்பு செய்த வேலையை அழிக்கும் தாளுக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தவரை நினைத்துக் காருக்கு அடியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். துருவின் மேல் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைத் தடவ, பழுப்பு மெல்லக் கறுத்தது. அது காய்ந்ததும் பிரைமர், அதன் மேல் பெயின்ட். அதற்கும் மேலே, இறுகாத மெழுகுப் பூச்சு. லானோலின் வகையும் வைத்திருந்தேன். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் கொழுப்பு அது. கீறல் விழுந்தாலும் மெல்ல ஊர்ந்து தானே மூடிக்கொள்ளும். ஆட்டுக்கொட்டகை வாடை ஒரு வாரம் போகாது, பொறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றுகள், அடிக்கிண்ணம், ஆர்மின் உட்குழிவு, சப்ஃபிரேம் பற்றவைப்பு மடிப்புகள், போல்ட் தலைகள் எல்லாவற்றுக்கும் இதை அடித்தேன். கிண்ணத்தின் துளையை மெழுகு அடைத்துவிடாதபடி மறுபடியும் அதே ஸ்போக்கால் ஒரு குத்து.

பூசக் கூடாத இடங்களும் உண்டு. பிரேக் தட்டு, பேட், சைலன்சர் குழாய், சென்சார் இணைப்புகள், சக்கரம் வந்து அமரும் ஹப் முகம், ரப்பர்கள். எண்ணெய் சார்ந்த பூச்சு சில ரப்பர்களை ஊதவைத்துக் கெடுக்கும். அவற்றுக்கு சிலிக்கோன் மட்டும். பிரேக்குக்குப் பாலித்தீன் பை கட்டியிருந்தேன். ஆனாலும் வலது பின்பக்கத்தில் பை விலகி, தட்டின் மேல் ஒரு கோடு மெழுகு. பிரேக் கிளீனரும் துணியும் வைத்து மூன்று முறை துடைத்த பிறகுதான் மனம் ஆறியது.

டயர் சஸ்பென்ஷனில் சேர்த்தி இல்லை என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். குழியின் விளிம்பைச் சந்திக்கும் முதல் ஸ்பிரிங்கே டயரின் காற்றுதான். கோடையில் என் காருக்கு 225/45 அளவில் (225 மில்லிமீட்டர் அகலம், பக்கச் சுவர் அதில் 45 சதவீதம்) 17 அங்குலச் சக்கரம். குளிர்காலத்துக்கு 205/55 அளவில் 16 அங்குல எஃகு ரிம். இரண்டின் மொத்த விட்டத்துக்கும் வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் டயரின் பக்கச் சுவர் 101 மில்லிமீட்டரிலிருந்து 113 ஆகிறது. அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும், ரிம்முக்கும் பால் ஜாயிண்டுக்கும் போக வேண்டிய அடியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். காருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு எது, பிரேக் காலிப்பரில் சிறிய ரிம் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். காற்றழுத்தம் இன்னொரு கணக்கு. 20 டிகிரியில் 33 psi வைத்த டயர், மைனஸ் 10-இல் காலையில் அளந்தால் 28 காட்டும். காற்று எங்கும் போகவில்லை, குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. நிரப்பாமல் ஓட்டினால் குழியில் டயர் முழுக்க மடிந்து ரிம் நேரடியாக அடி வாங்கும்.

பனி வந்தது. உப்பு வண்டிகளும் வந்தன.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள். என் கார் தின்ற உப்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் காட்டினேன். வெப்பம் பூஜ்யத்துக்கு மேலே ஏறும் நாளைப் பார்த்து, மதியத்தில், அடிப்பகுதிக்கு மட்டும். உறைகிற நாளில் கழுவினால் பிரேக்கும் கதவு ரப்பரும் பனிக்கட்டியாகி ஒட்டிக்கொள்ளும். அழுத்த நீர்க்குழலைப் பால் ஜாயிண்ட் உறைமேலும் பேரிங் சீல்மேலும் நேராகக் காட்டக் கூடாது. உப்பை வெளியேற்றுவதாக நினைத்துக்கொண்டு நாமே உள்ளே ஏற்றிவிடுவோம். ஒரு முழம் தள்ளி, சாய்வாக, நிதானமாகப் பிடித்தால் போதும். கழுவியதும் பத்து நிமிடம் ஓட்டி, பிரேக்கை நாலு முறை மிதித்து உலர்த்திய பிறகே நிறுத்துவேன்.

சக்கர வளைவில் கெட்டிப்படும் பனியை விறகுக் கட்டையால் தட்டி எடுக்கலாம். கம்பியால் குத்தினால் ரப்பர் உறை கிழியும். வெந்நீர் ஊற்றுவது அதைவிட மோசம். ஒரு நாள் ஸ்டீயரிங் கைநடுக்கம் வந்தவன் கைபோல ஆடியது. லோயர் ஆர்மில் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று குலைநடுங்கி ஓரம் கட்டினேன். ரிம்மின் உள்பக்கம் ஒரு பக்கமாக அரைக்கிலோ பனி ஒட்டி உறைந்திருந்தது. தட்டிவிட்டதும் நடுக்கம் போயிற்று.

காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாகப் போவேன். ஷாக் அப்சார்பரின் எண்ணெய் குளிரில் தடித்திருக்கும், புஷ்கள் கட்டைபோல இருக்கும். அப்போது வாங்கும் அடி அப்படியே இரும்புக்குப் போகும்.

நடுக்குளிர்காலத்தில் ஒரு வாரம் பனி உருகி மறுபடி உறைந்தது. தார்ச்சாலையின் விரிசல்களில் இறங்கிய தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருக்கும். உருகியதும் அடியில் வெற்றிடம். மேலே லாரி போனால் குழி. ஒரே வாரத்தில் எனக்குப் பழகிய சாலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரவில், தண்ணீர் நிரம்பி வெறும் ஈரத்தடம்போலத் தெரிந்த ஒரு குழியில் வலது முன்சக்கரம் இறங்கியது. கடைசி நொடியில் ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்: மிதித்த பிரேக்கை விளிம்புக்கு முன் விட்டுவிட்டேன். பிரேக் பிடித்தபடி இறங்கினால் காரின் மூக்கு ஏற்கனவே அமுங்கி, ஸ்பிரிங்குக்கு மிச்சமுள்ள பயணம் குறைந்திருக்கும். அடி மொத்தமும் பம்ப் ஸ்டாப்பரில் போய் முட்டும். முன்கூட்டியே பிரேக், விளிம்பில் விடுதல், ஸ்டீயரிங் நேராக. வெட்டி ஒடிக்கப் பார்த்தால் டயரின் பக்கச் சுவர் விளிம்பில் சிக்கும்.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். டயரின் பக்கச் சுவரில் வீக்கம் இல்லை, உள்பக்கமும் தடவிப் பார்த்தாயிற்று. உயரம் 361, அளவு நாடாவின் பிழைக்குள். எஃகு ரிம்மின் உள் உதடு ஓரிடத்தில் அரிசி நீளத்துக்கு மடங்கியிருந்தது, காற்று இறங்கவில்லை. ஸ்டீயரிங் நேராக நின்றது. 17 அங்குலச் சக்கரமாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஆர்வமில்லை.

பனி போனபின் மறுபடி தூக்கினேன். முன்சக்கரத்துக்கு நேர் பின்னால், கல் தெறிக்கும் இடத்தில், மெழுகு மொத்தமாக உரிந்து பெயின்ட் தெரிந்தது. அங்கே நடுக்குளிர்காலத்தில் ஒரு முறை மறுபூச்சு தேவை. மற்ற இடங்களில் பூச்சு தூசியோடு கலந்து கறுத்து ஒட்டியிருக்கிறது, விரலால் வழித்தால் அடியில் சுத்தமான இரும்பு. இடது ஆர்மின் புஷ்களில் கீறல் இல்லை. முன் கிண்ணங்கள் இரண்டிலும் துளை திறந்திருந்தது, கீழ்ச் சுற்று கறுப்பு மாறவில்லை. கோட்டை விட்டது பின்பக்கத்தில். ஸ்பிரிங்குகளின் கீழ்ச் சுற்றையே கவனித்தேனே தவிர, மேல் முனை அமரும் ரப்பர் தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. வலது பக்கத்தில் அந்த ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே மணல் சிக்கி, பூச்சை அரைத்து, நகக்கண் அளவு பழுப்புப் புள்ளி. உப்புத்தாள், பிரைமர், பெயின்ட். அடுத்த முறை கழுவும்போது குழலை மேலேயும் காட்ட வேண்டும் என்று சாக்பீஸ் குறிப்பின் கீழே எழுதி வைத்தேன்.

முறிந்த ஸ்பிரிங் துண்டு இன்னும் டூல் பாக்ஸின் மூலையில் கிடக்கிறது. நேற்று ஸ்பேனர் தேடும்போது கையில் தட்டுப்பட்டது. பளபளவென்றிருந்த பகுதியும் இப்போது துருவேறி, பழைய விரிசல் எது, அன்று காலை முறிந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே நிறமாகிவிட்டது.